கால் பட்டுவிட்டது

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சரி, அல்லது வேண்டாம். என்னைப் பெண் பார்த்த பையனின் அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார், அன்று மத்தியானம் ரயிலேறுகிறார், அதற்குள் தகவல் போய்விட வேண்டும் என்பது என் அப்பாவின் கணக்கு. அப்பா ரயில்வேக்காரர். எந்த முடிவாக இருந்தாலும் ஏதோ ஒரு வண்டி கிளம்புவதற்குள் எடுத்துவிட வேண்டும் அவருக்கு. சனிக்கிழமை மத்தியானம் வரை என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் அந்தப் பையனைப் பிரேசில் நாட்டு ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன்.

இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று எனக்கே தெரியும். அம்மாவுக்கும் விளங்கவில்லை. "ஒருக்கா பாத்த பையனை இன்னொருக்கா பாக்கறதுக்கு என்ன இருக்குது? அதே மூஞ்சிதான" என்றாள்.

அந்த மூஞ்சிதான் பிரச்சினை. முந்தின வாரம் புனேயில், கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். பெரியவர்கள் ஜாதகத்தையும் ஊர்க் கதையையும் பேசி முடித்த பிறகு, காலம் மாறிவிட்டது என்பதைக் காட்டிக்கொள்வதற்காக என்னையும் பையனையும் பால்கனியில் தனியாக விட்டார்கள். அவருக்கும் பாணேரில்தான் ஆபீஸ், எனக்கும் பாணேரில்தான். பேச எவ்வளவோ இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் மலைக்கோட்டை ஒவ்வொன்றாக ஏறப்போவேன் என்று நான் சொன்னேன். "சரிங்க" என்றார். ஜெர்மன் படித்தேன் என்றேன். "அப்படீங்களா" என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் இப்படித்தான் எதன் பின்னாலாவது ஓடிக்கொண்டிருப்பேன், பரவாயில்லையா என்று கேட்டேன். "உங்க இஷ்டமுங்க" என்றார். அந்த முகத்தில் சந்தோஷமும் இல்லை, எரிச்சலும் இல்லை. கீழே யார்டில் ஒரு கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மீதி நேரம் நாங்கள் அதைப் பார்த்தோம்.

அவருக்கு முன் வந்த ஒருவர், கல்யாணமானதும் மலையேற்றமெல்லாம் தானாக நின்றுவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. தடுக்கிறவனோடு சண்டை போடலாம். "உங்க இஷ்டம்" என்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? ஆயுசு முழுக்க ஒரு சுவரோடு பந்து விளையாடுகிற மாதிரி ஆகிவிடுமே என்று எனக்குப் பயம். சுவராவது பந்தைத் திருப்பி அனுப்பும்.

அந்தச் சமயத்தில் பேப்பரின் புனே இணைப்பில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்தது. பிரேசிலிலிருந்து ஒரு குழு வருகிறது, ஸ்டேஷன் பக்கம் இருந்த பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒரே ஒரு சாயங்காலம், விருந்தோடு சேர்த்து ஆட்டமும் சண்டையும். கப்போயிரா என்று போட்டிருந்தது. நான் உடனே ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வளர்த்த சண்டைக் கலை. எஜமானர்கள் பார்த்தால் நடனம் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டும் தாளமும் சேர்த்தார்கள் என்று ஒரு கதை. படிக்கப் படிக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதே வேகத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. அந்த முகத்தை இதற்கு எதிரில் உட்கார வைத்துப் பார்த்தால் என்ன? இதற்கும் "சரிங்க" என்றால் எனக்குப் பதில் கிடைத்துவிடும்.

வீட்டில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். சித்தி கூட வர வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை, பெண் பார்க்க வந்த அன்றும் கூட இருந்தவர். கோந்த்வாவில் வீடு, வங்கியில் வேலை. கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து புனேவுக்கு வந்தவர். கொங்குத் தமிழும் இந்தியும் மராட்டியும் அவர் வாயில் ஒரே சட்டியில் கொதிக்கும். "நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் இருக்கறதே தெரியாது, பஸ், அவ்வளவுதான்" என்று வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தியின் ஸ்கூட்டரில் போனோம். புனேப் பெண்களின் வழக்கப்படி நான் துப்பட்டாவால் தலை முகம் எல்லாவற்றையும் சுற்றி, கண் மட்டும் தெரியக் கட்டியிருந்தேன். ஹோட்டல் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், பளபளவென்ற ஷூ. நான் இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, புனேவுக்கு வந்த பிறகு சேகரித்த இந்தியில், "மேடம், பிரேசில் ஷோ கிதர் ஹை?" என்று கேட்டார்.

நான் துப்பட்டாவை அவிழ்த்தேன்.

"உள்ளதானுங்க" என்றேன்.

காது வரைக்கும் சிவந்துபோனார். சித்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "விடுங்க தம்பி. இந்த ஊர்ல பெத்த அம்மாளுக்கே பொண்ண அடையாளம் தெரியாது. அல்லாரும் கொள்ளைக்காரி மாதிரிதான் வண்டி ஓட்டுறாளுக" என்றார்.

உள்ளே பெரிய கூடம். நடுவில் மரத்தளம் போட்டு, சுற்றிலும் வட்ட மேஜைகள். ராணுவ அதிகாரிகளும் மனைவிமாரும், சில வெள்ளைக்காரர்கள், பாணேர்ப் பக்கத்துக் கம்பெனிக் கூட்டம். எங்களுக்குத் தளத்தை ஒட்டின மேஜை கிடைத்தது. ஓரமாக உட்காருவதாகச் சொன்ன சித்தி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையைக் காலடியில் வைத்தார். பையன் தன் நாற்காலியில் உட்காரும்போது அவருடைய ஷூ நுனி அந்தப் பையில் இடித்தது. சட்டென்று குனிந்து பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சித்தி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பார்த்தாயா வளர்ப்பை, என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் என் கால் யார் பையில் பட்டாலும் நானும்தான் தொட்டுக் கும்பிடுவேன். நினைத்துச் செய்வதா அது? தும்மல் மாதிரி.

சாப்பாடு ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கறி சாப்பிடுகிறவர்களுக்கு நீளக் கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுகளைக் கொண்டுவந்து மேஜைக்கு மேஜை வெட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் எங்கள் மூன்று பேருக்கும் சைவம். கறுப்புப் பயறு போட்ட கெட்டிக் குழம்பு, வெள்ளைச் சோறு, சுட்ட அன்னாசி, அப்புறம் மரவள்ளி மாவை நெய்யில் வறுத்த மாதிரி பொலபொலவென்று ஒன்று.

"இது ராஜ்மாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணனாட்ட இருக்குது" என்றார் சித்தி. மாவைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, "இதென்ன கண்ணு, ரவையை வறுத்துட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டாங்களா?"

"அப்படியேதான் சாப்பிடோணும் சித்தி. குழம்பு மேல தூவிக்கிட்டு."

"தொண்டையை அடைக்குமே. தம்பி, நீங்க எப்படி, சாப்புடுவீங்களா?"

"சாப்பிடலாமுங்க" என்றார் அவர்.

நல்லா இருக்கிறது என்றோ, வாயில் வைக்க முடியவில்லை என்றோ சொல்லவில்லை. சாப்பிடலாம், அவ்வளவுதான்.

விளக்குகள் தணிந்தன. முதலில் மீனவர் ஆட்டம். பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து, இல்லாத கடலிலிருந்து நிஜ வலை ஒன்றை இழுத்தார்கள். அடுத்தது கோலாட்டம் மாதிரி ஒன்று. கம்பைக் கம்போடு தட்டிச் சுற்றி வந்தவர்கள் பாதியில் கம்பைப் போட்டுவிட்டு நீளக் கத்திகளை எடுத்தார்கள். இரும்போடு இரும்பு மோதிப் பொறி பறந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். சித்தியின் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி அவரிடம், இது கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது, அந்தக் கத்தி கரும்பு வெட்டுகிற கத்தி, ஒரு அடி தாளம் தப்பினால் விரல் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"சரிங்க" என்றார்.

அப்புறம் கப்போயிரா. வில் மாதிரி வளைந்த கம்பு, அதில் ஒற்றைக் கம்பி, அடியில் ஒரு குடுக்கை. அதைச் சின்னக் குச்சியால் தட்டத் தட்ட, குடுக்கையை வயிற்றில் அழுத்தி எடுக்க எடுக்க, குரல் மாதிரி ஒரு நாதம் வந்தது. குழுவினர் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினார்கள். இரண்டு இரண்டு பேராக வட்டத்துக்குள் நுழைந்தார்கள். நுழையும் முன் அந்த வில்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தரையைத் தொட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரே காற்று. ஒருவன் கால் மற்றவன் தலை இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டு போகும். தலை அங்கே இருக்காது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு உதையும் அடிக்கத்தான் வந்தது. குழுவின் தலைவர் நரைத்த சுருட்டை முடிக்காரர். எல்லாரும் அவரை மெஸ்த்ரி என்று கூப்பிட்டார்கள், வாத்தியார் என்று அர்த்தம்.

"மேஸ்திரியா?" என்றார் சித்தி. "எங்க பில்டிங்குக்கு வந்த மேஸ்திரி ஒரு செவுத்தை நேரா கட்டலே. இந்த ஆள் தலைகீழா நிக்கறான் பாரு, ஆடாம."

நான் சிரித்தேன். அவர் பக்கம் திரும்பினேன். அதே முகம். கைகள் மடியில், கண் தளத்தின் மீது. ரயில்வே பிளாட்பாரத்தில் அறிவிப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சந்தோஷமாக எடுத்த முடிவில்லை. நல்ல மனிதர், குடிகாரர் இல்லை, அம்மா மேல் பிரியம் உள்ளவர், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இப்படி ஒருவரை என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது? பிரேசில்காரன் தலைகீழாக நின்றபோது ஆச்சரியப்படவில்லை என்றா? காலையில் அப்பாவின் எதிரில் நிற்கப்போகிற நிமிஷத்தை நினைத்தபடி தட்டில் மிச்சமிருந்த கறுப்புப் பயறை ஓரமாக ஒதுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து, நிகழ்ச்சியை நடத்திய உள்ளூர்ப் பெண் மைக்கில், பார்வையாளர்களில் யாராவது வட்டத்துக்குள் வருகிறீர்களா என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். என் பிறவிக் குணம் அது. சித்தி என் குர்த்தாவைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. "அம்மிணி, கம்முனு உக்காரு. இது பொண்ணு பாக்கற எடம்."

"பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். எப்படியும் வேண்டாம் என்றாகிவிட்டதே, இனி என்ன பயம்?

எனக்கு ஜோடியாக என் வயதுப் பெண் ஒருத்தியை விட்டார்கள். முன்னும் பின்னும் அசையும் அந்த அடிப்படை அடியைச் சொல்லிக் கொடுத்தாள். இடது கால் பின்னே, இடது கை முகத்துக்கு முன்னே. ஆபீஸில் கம்ப்யூட்டரில் படித்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்கிற தைரியத்தில் நான் உடனே காலை வட்டமாகச் சுழற்றினேன். அவள் குனிய வேண்டும். குனிந்தாள், ஆனால் நான் போட்ட வட்டம் வட்டமாக இல்லை. என் வெறுங்கால் அவள் தோளில் பட்டது.

பட்டதும் எல்லாம் நின்றுவிட்டது. என் உடம்பு தானாகக் குனிந்தது. கை நீண்டு அவள் தோளைத் தொட்டது, தொட்ட விரல் என் கண்ணுக்குப் போனது.

அவள் கண்கள் அகலமாயின. அவர்கள் விளையாட்டில் ஏமாற்றுவது பெரிய கலை. கும்பிடுவது போலப் பாவனை செய்து உதைப்பார்கள், தடுமாறுவது போல நடித்துக் காலை வாரிவிடுவார்கள். அவள் இதையும் அப்படி ஒன்றாக எடுத்துக்கொண்டாள். பின்னால் துள்ளி, கை ஊன்றிப் புரண்டு, என் மூக்குக்கு முன்னால் தன் பாதத்தைக் கொண்டுவந்து நிறுத்திச் சிரித்தாள். கூடத்தில் முன்வரிசை மேஜைகள் சிரித்தன. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியும், அவர்கள் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

மறுபடி அசைந்தோம். மறுபடி உதைத்தேன். இந்த முறை அவள் முழங்காலில் பட்டது. செய்யாதே, செய்யாதே என்று மனசு கத்தியது. கை கேட்கவில்லை. குனிந்து அவள் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குனிந்தவள் காலை வாருவதற்குப் பாடம் வேண்டுமா என்ன? மெதுவாகத்தான் வாரினாள். நான் மரத்தளத்தில் சப்பென்று உட்கார்ந்தேன். கூடம் முழுவதும் சிரித்தது. எங்கேயோ ஒரு ராணுவக் குரல், "சாபாஷ்" என்றது.

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு எழுந்திருப்பவள் நான். எல்லாவற்றையும் படித்துவிட்டு வருபவள் நான். கப்போயிராவின் சரித்திரம் சொல்லத் தெரியும். ஒரு உதை உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணில் நீர் முட்டியது. எழுந்து மேஜைக்கு நடந்து போகிற தூரத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கே அந்த முகம் இருக்கும். "சரிங்க" என்று சொல்லும்.

தலையைத் தூக்கியபோது அவர் தளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

ஷூவோடு ஏறிவிட்டார். யாரோ சைகை காட்ட, ஓரமாகப் போய்க் குந்தி, ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி மடித்து ஷூவுக்குள் செருகி, இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தார். அதற்குள் பாட்டு ஒரு சுற்று முடிந்துவிட்டது. பேண்டை இரண்டு மடிப்பு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிய வைக்கிற மாதிரி, அந்த வில்லுக்கு முன்னால் சரியாகப் போய்க் குந்தி, தரையைத் தொட்டு, வட்டத்துக்குள் வந்தார். நான் எழுந்து ஓரமாக நகர்ந்தேன். மெஸ்த்ரி அவர் எதிரில் தானே இறங்கினார்.

கோயம்புத்தூர்க்காரருக்கு ஆடத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி ஆடினேன். அவர் தெரியாத மாதிரியே ஆடினார். நெல் வயல் வரப்பில் நடப்பது போல ஒவ்வொரு அடியாக வைத்தார். அசைந்தார். காலைத் தூக்கினார். அது மெஸ்த்ரியின் மார்பில் போய்ப் பட்டது. அவர் நின்று, குனிந்து, மெஸ்த்ரியின் மார்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூடம் இடிந்துபோகிற மாதிரி சிரித்தது. போச்சு, இன்னொருத்தர் என்று நினைத்தேன். ஆனால் மனசு கொஞ்சம் லேசானது. இனி சிரிப்பு என் ஒருத்தியினுடையது இல்லை.

இன்னொரு உதை. மெஸ்த்ரியின் முழங்கையில் பட்டது. மறுபடியும் அதே கும்பிடு, இன்னும் கொஞ்சம் சாவகாசமாக. மெஸ்த்ரி தலையைச் சாய்த்து இந்த ஆளைக் கவனிக்க ஆரம்பித்தார். அப்புறம் ஒரு உதை, எதிலும் படவே இல்லை. ஒரு முழம் தள்ளிப் போனது. அப்படியும் அவர் நின்றார். முகத்தில் பெரிய பாவம் செய்துவிட்ட கவலையோடு கையை நீட்டிக் குனிந்தார். மெஸ்த்ரி இந்த முறை ஏமாறாமல், அவர் காலை வாரக் கீழே இறங்கினார். இறங்கிய இடத்தில் இவருடைய மற்றொரு கால் காத்துக்கொண்டிருந்தது. உதைக்கவில்லை. நாய்க்குட்டி மேல் வைப்பது போல அந்தப் பாதத்தை மெஸ்த்ரியின் தோளில் மெதுவாக வைத்தார்.

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. கண் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்கள் பால்கனியிலும் இப்படித்தான் இருந்தனவோ, நான்தான் கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ?

மெஸ்த்ரி ஒரு விநாடி அசையாமல் இருந்தார். பிறகு நாடகத்தில் அம்பு பட்டவனைப் போல மல்லாந்து விழுந்தார். வட்டம் முழுவதும் கூச்சலிட்டது. எழுந்தவர் தன் காலால் இவர் முழங்காலை லேசாகத் தட்டி, உடனே குனிந்து தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு அந்த ஆட்டத்தை யாரும் கட்டுப்படுத்த முடியவில்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவரும் உதைப்பதும் கும்பிடுவதுமாக இருந்தார்கள். கடைசியில் வரிசையாக நின்று வணக்கம் சொன்னபோதும் பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

மேஜைக்கு வந்தபோது சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னங் தம்பி, கம்முனு உக்காந்திருந்தீங்க, நெம்ப நல்ல புள்ளைன்னு நெனச்சேன்."

"நல்ல புள்ளதானுங்க" என்றார் அவர். சாக்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தோம். மழை எப்போதோ பெய்து நின்றிருந்தது, வண்டிகளின் சீட்டெல்லாம் ஈரம். சித்தி கைப்பையைத் திறந்து பார்த்து, சாவியை மேஜையிலேயே வைத்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனார். சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை.

"அது எல்லாமே தெரியாம பட்டதா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பட்டது தெரியாமத்தானுங்க. கையும் தானாத்தான் போச்சு." ஸ்கூட்டரின் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் அந்தப் பெரியவரு கொழம்புனதப் பாத்தனுங்க. அட, இதுல வேலை ஆகும்போல இருக்கேன்னு தோணுச்சு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், இந்தத் தடவை வாயாலும்.

"எதுக்கு மேல வந்தீங்க?"

"நீங்க கீழ உக்காந்திருந்தீங்க. எல்லாருஞ் சிரிச்சாங்க. ரெண்டு பேரு உழுந்தா அது வேற சிரிப்புங்களே."

கைக்குட்டையைத் திருப்பி மடித்துக்கொண்டு அவரே மறுபடி பேசினார்.

"ஒண்ணு சொல்லலாமுங்களா? நீங்க நாளைக்கு என்ன சொல்வீங்கன்னு தெரியாது. நானும் எங்கப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரமாக நான் ஒருத்திதான் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு, பால்கனிக்குப் போறதுக்கு முன்னாடியே உங்க சித்தி எல்லாஞ் சொன்னாங்க. கிதார் வாங்குனீங்களாம். மண்பானை செய்யப் போனீங்களாம். ஜெர்மன். எதையும் ஒரு மழைக்காலத்துக்கு மேல வெச்சுக்கலைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க." கைக்குட்டையைப் பிழிந்தார். "நீங்க இதெல்லாம் செய்யறது எனக்கு ஒண்ணுமில்லீங்க. நானும் அந்த வரிசையில ஒண்ணாயிருவனோன்னுதான். அதான் என்ன கேட்டாலும் என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க இஷ்டமுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

ரோட்டில் ஒரு பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை. கிதார் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யில்லை, ஆனால் அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வார்த்தை. சொல்லாமல் நிறுத்தினேன்.

"இப்பவும் அந்தப் பயம் இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் போயிருச்சுங்க."

"எப்படி?"

"மொதத் தடவை கும்பிட்டப்பவே எல்லாரும் சிரிச்சாங்க இல்லீங்களா? அடுத்த தடவை செய்ய மாட்டீங்கன்னுதான் நெனச்சேன். யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க. மறுக்காவும் குனிஞ்சீங்க." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "விட முடியாதது ஒண்ணு ரெண்டு உங்ககிட்டயும் இருக்குதுன்னு தெரிஞ்சுது. அதுல ஒண்ணா இருந்துக்கலாமேன்னு தோணுச்சு."

கூடமே சிரித்த அந்த நிமிஷத்தை, ஜென்மத்துக்கும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் புதைத்து வைக்கப் பார்த்த அந்தக் கும்பிடை, அவர் இத்தனை பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ பின்னால் இருந்து சத்தமில்லாமல் இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சித்தி சாவி கிடைத்துவிட்டதாக அறிவித்துக்கொண்டே வந்தார். துடைத்திருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அரே, தம்பி, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்றார்.

"இருக்கட்டுமுங்க அத்தை."

சாயங்காலம் முழுக்க ஆன்ட்டி என்று கூப்பிட்டவர். சித்தி என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவை எடுத்து அவசர அவசரமாக முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. சித்தி வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ரயில் வருகிற வழியாகத் தெரியவில்லை.

"ஏனம்மிணி, பின்னால உக்காந்து குலுங்கறயே, அழுகறயா?"

"இல்லீங் சித்தி."

"மூஞ்சியக் கட்டிக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? சிரிக்கறயா?"

"ம்."

"உங்கப்பா கேட்டா நான் என்ன சொல்லோணும்? நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் இருக்குது. யோசிச்சுச் சொல்லு."

தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. வண்டி கடந்து போகிறவரைக்கும் பேச முடியாது.

"இந்த வண்டி வர்றதுக்குள்ள சொல்லிடறேன்" என்றேன். "சரின்னு சொல்லிருங்க."